சத்தம் போடாத பின்வரிசை

புதிதாக வந்திருக்கும் நான்கு தம்பிகளுக்கு,

நேற்று சாயங்காலம் கிரவுண்டு ஓரமாக நின்று உங்களைப் பார்த்தேன். நான்கு பேரும் கால்பந்தில் பின்வரிசை ஆடுகிறவர்கள், நான்கு பேரும் தற்காலிகம். சீசன் முடிந்ததும் மில் உங்களில் ஒருவனை மட்டும்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தன் விழுந்தால் மற்ற மூன்று பேரும் ஓடிவந்து தூக்குகிற வேகத்திலேயே அது தெரிகிறது. ரொம்பப் பிரியமாக இருக்கிறீர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. வலது முட்டி இனிமேல் மாடிப்படிக்கு மட்டும்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் நோட்டீஸ் போர்டில் 'ஓய்வு பெறும் நமது வீரர்' என்று என் பேரைப் போட்டிருந்தார்கள். படித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வேறென்ன செய்ய? மறுநாள் மானேஜர் கூப்பிட்டு, "புதுப் பசங்களுக்கு உன் அனுபவத்தை எழுதிக் கொடுப்பா, நாலு பக்கம். உற்சாகமா இருக்கட்டும்" என்றார். கூடவே, உங்கள் நான்கு பேரில் யார் என்று முடிவு செய்கிற கமிட்டியில் என்னையும் போட்டிருப்பதாகச் சொன்னார்.

எழுத உட்கார்ந்து மூன்று நாள் ஆகிறது. பந்தை எப்படிப் பறிப்பது, எப்படித் தலையால் அடிப்பது என்பதெல்லாம் கோச் சொல்லுவார், அதில் நான் மூக்கை நுழைக்கப்போவதில்லை. உற்சாகத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

நான் வந்தது எண்பதுகளின் கடைசியில். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா தபால்காரர். பி.எஸ்.சி. முடித்து, யுனிவர்சிட்டி டீமில் ஆடி, அந்தச் சர்டிபிகேட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, தெரிந்த ஆபீஸ்களையெல்லாம் ஏறி இறங்கியிருந்தேன். அப்பா பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார். எனக்குப் பந்தைத் தவிர எதிலும் கால் நிற்காது. ராஜபாளையத்தில் இந்த மில்லில் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். பந்து ஆடுவதற்கே சம்பளம். பகலில் பேருக்கு ஒரு வேலை. படித்தவன் என்பதால், ஆட்களின் வருகைக் கார்டுகளைப் பார்க்கிற டைம் ஆபீஸில் என்னை உட்கார வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, மேலே மின்விசிறி.

அதே வாரம் சேர்ந்தவன் சேசுராஜ். வ. புதுப்பட்டிக்காரன், என் வயதுதான். பத்தாவது தேறவில்லை. வீட்டில் குத்தகை நிலம், அதில் கத்தரியும் பருத்தியும். அவனை நூற்பு ஷெட்டில், ரிங் பிரேம் மெஷினில் போட்டார்கள். காலை ஆறு மணி ஷிப்ட். அவன் இடது ஓரம் காக்கிற லெப்ட் பேக், நான் நடுவில் நிற்கிற ஸ்டாப்பர். இரண்டு பேரும் தற்காலிகம். பின்வரிசைக்கு ஒரே ஒரு நிரந்தர இடம். மானேஜர் எங்களை ஒன்றாக நிற்க வைத்து, "சீசன் முடியட்டும். ரெண்டு பேர்ல ஒருத்தன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

எனக்கு அது போனால் பேங்க் பரீட்சை. அவனுக்கு என்ன என்று ஒருநாள் கேட்டேன். "ஊருக்குப் போனா பாத்தி கட்டணும். பந்துக்கும் எனக்கும் அத்தோட சரி" என்றான். ஷூ லேஸை முடிந்துகொண்டே சொன்னான், பெரிய சோகம் மாதிரியெல்லாம் இல்லை.

*

முதல் நாள் பயிற்சியில் என்னை ஒரு விஷயம் குழப்பியது. கிரவுண்டில் சத்தமே இல்லை.

யுனிவர்சிட்டியில் பின்வரிசை என்றால் தொண்டைதான். 'ஆள் பின்னால', 'விடு', 'ஏறு' என்று கத்திக்கொண்டே இருப்போம். கோச் கத்தாதவனை வெளியே எடுத்துவிடுவார். இங்கே நான் ஒருவன்தான் கத்திக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் திரும்பிப் பார்த்து, தோளைக் குலுக்கி, எதையோ கையால் காட்டி, நகர்ந்து நகர்ந்து நின்றார்கள். சீனியர் ஸ்டாப்பர் அண்ணன் ஒருத்தர் இருந்தார். பேர் வேண்டாம், அச்சில் பேர் வருவது அவருக்குப் பிடிக்காது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் என்னிடம் வந்து, "ஏமிரா, ஆல் இந்தியா ரேடியோவா நீ? செத்த நேரம் ஸ்டேஷனை மூடு" என்றார். அன்றிலிருந்து என் பேர் ரேடியோ.

விஷயம் இதுதான். அவர்கள் எல்லோரும் ரிங் பிரேம் ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள். உள்ளே போனால் பக்கத்தில் நிற்கிறவன் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் விழாது. அதனால் ஷெட்டுக்கு ஒரு கைப்பாஷை உண்டு. உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தால் மேஸ்திரி வருகிறார். மூடின முஷ்டி என்றால் நில். மூக்கைத் தொட்டால் டீ. மேஸ்திரியைப் பற்றி இன்னும் சில சைகைகள் உண்டு, அவற்றை இங்கே எழுத முடியாது. எட்டு மணி நேரம் அப்படியே பேசிப் பழகினவர்கள், கிரவுண்டிலும் அப்படியே ஆடினார்கள். எதிர் டீமுக்கு ஒன்றும் புரியாது. இவர்களுடைய பின்வரிசை, யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும்.

ஸ்டாப்பர் அண்ணன் என்னிடம், "பத்து நாள் ஷெட்டுல வந்து நில்லு. தன்னால வந்துரும்" என்றார். நான் போகவில்லை. நான் பி.எஸ்.சி. பஞ்சுத் தூசியில் நின்று கையாட்டக் கற்றுக்கொள்வதற்கா படித்தேன்? என்னிடம் வேகம் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். இந்த வயதில் உங்களுக்கும் அதுதான் இருக்கிறது. நேற்று பார்த்தேன்.

வேகம் என்ன செய்யும் என்று ஒரு உதாரணம். சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு நாக்-அவுட் ஆட்டம், நம்ம ஊர் கிரவுண்டில். அவர்கள் ஆள் ஒருத்தன் தனியாகப் பந்தோடு பிய்த்துக்கொண்டு போனான். நான் எங்கிருந்தோ ஓடிப்போய், சறுக்கி விழுந்து, பந்தை மட்டும் சுத்தமாக எடுத்து வெளியே தள்ளினேன். கூட்டம் எழுந்து கைதட்டியது. எனக்கு ஒரே புல்லரிப்பு. அண்ணன் மட்டும் வந்து, முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்கேருந்து ஓடி வந்தே?"

"அந்தா, நடுக்கோட்டுக்கிட்டேருந்து அண்ணே."

"அங்க உனக்கு என்ன வேலை?"

நான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தால் அந்தப் பயல் பந்தை வாங்கியே இருக்க மாட்டான். பின்வரிசைக்காரனுக்குக் கைதட்டு விழுகிறது என்றால், அவன் அதற்கு முன்னால் ஏதோ ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறான். பத்து வருஷத்தில் நான் வாங்கின கைதட்டல்களை எண்ணிப் பார்த்தால் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

அடுத்த ஆட்டத்தில் அது நடந்தே விட்டது. அண்ணன் முஷ்டியைக் காட்டி நிற்கச் சொல்லியிருக்கிறார். நான் பந்தையே பார்த்துக்கொண்டு முன்னால் ஓடிவிட்டேன். எனக்குப் பின்னால் ஒரு தெருவே திறந்து கிடந்தது. கோல். தோற்று வெளியே போனோம். யாரும் என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் கைகளால் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்கள். அதில் எத்தனை என்னைப் பற்றி என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் கொடுமை.

*

கற்றுக்கொடுத்தது சேசுராஜ்தான்.

நான் போய்க் கேட்கவில்லை. மறுநாள் அவனே டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றான். தலை முழுக்கப் பஞ்சு.

"டைம் ஆபீஸ் சார்வாளுக்கு மதியம் சாப்பாட்டு நேரம் எம்புட்டு?"

"ஒரு மணி நேரம்."

"சாப்பிட எம்புட்டு ஆகும்?"

"ஏன்?"

"மிச்ச நேரம் ஷெட்டுக்கு வா. என் மெஷினுகிட்ட நில்லு. சட்டையை மாத்திட்டு வா, பொறவு அம்மா துவைக்க முடியலன்னு அழுவா."

பத்து நாள் போனேன். முதல் இரண்டு நாள் அந்த இரைச்சலில் தலைவலி தாங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. காது தன் வேலையை விட்டுவிட்டது, கண் அகலமாகிவிட்டது. நான்கு மெஷின் தள்ளி நிற்கிறவன் கை அசைவது, நேராகப் பார்க்காமலேயே தெரிந்தது. இழை எங்கே அறுந்தது, யார் எங்கே நகர்கிறான், எல்லாம் ஒரே நேரத்தில். கிரவுண்டில் எனக்கு இல்லாதிருந்தது அதுதான்.

சைகைகளில் ஒன்றை மட்டும் சேசுராஜ் தனியாகச் சொல்லித் தந்தான். வலது கையால் இடது தோளைத் தொடுவது. ஷெட்டில் அதற்கு அர்த்தம், 'நான் நகர வேண்டியிருக்கு, என் மெஷினையும் சேர்த்துப் பாத்துக்கோ'. வயிற்றுக் கோளாறாக இருக்கலாம், மயக்கமாக இருக்கலாம், வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து மெஷின்காரன் உடனே இரண்டையும் பார்க்க ஆரம்பித்துவிடுவான். கிரவுண்டில் அதுவே, 'நான் விட்டுட்டேன், என் பக்கம் வா'.

"முடியாதுன்னு சொல்ல என்ன சைகை?" என்று கேட்டேன். படித்தவன் இல்லையா, எதிர்ப்பதமும் தெரிய வேண்டும்.

சேசுராஜ் யோசித்தான். பக்கத்து மெஷின்காரரிடம் கையால் கேட்டான். அவர் உதட்டைப் பிதுக்கினார். "அப்படி ஒண்ணு இல்லலே" என்று என் காதில் கத்தினான்.

வெளியே வந்து கை கழுவும்போது, எனக்கு ஏன் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டேன். இருப்பது ஒரு இடம். நான் தேறினால் அவன் போக வேண்டும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்தது.

"நீ தப்பா நிக்கும்போதெல்லாம் நான் ரெண்டு ஆளுக்கு ஓடுதேன். உனக்குச் சொல்லிக்கொடுக்கேன்னு நினைக்காத. என் வேலையைக் குறைக்கேன்" என்றான். அப்புறம், "நீ இன்னும் கத்துத. பழக்கதோஷம். வாயில பஞ்சை வச்சுக்கோ" என்றான்.

அந்தச் சீசனில் அதற்குப் பிறகு ஏழெட்டு ஆட்டம் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஆடினோம். அவன் மெதுவாக ஓடுவான், ஆனால் எப்போதும் முன்னாலேயே கிளம்பியிருப்பான். எனக்கு வேகம், இப்போது கண்ணும் இருந்தது. நான் நன்றாக ஆடினேன் தம்பிகளா. அதில் பொய்யடக்கம் வேண்டாம். என் வாழ்க்கையில் அந்த மூன்று மாதம் ஆடின மாதிரி அப்புறம் ஆடவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

*

சீசனின் கடைசிப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில். அரையிறுதி. எதிரே மதுரையிலிருந்து ஒரு ஆபீஸ் டீம். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் முடிவு சொல்லிவிடுவதாக மானேஜர் முந்தின நாளே சொல்லியிருந்தார். சாமியானாவில் முதல் நாற்காலியில் அவர். எங்கள் அப்பா நான்கு தபால்காரர்களோடு எல்லைக்கோட்டை ஒட்டி, சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார்.

மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, இடைவேளைக்கு அப்புறம் சாரல் பிடித்தது. நாங்கள் ஒரு கோல் முன்னால். அவர்களுடைய ரைட் விங்கர் ஒரு ஒல்லிப் பையன், காற்று மாதிரி. சேசுராஜ் அவனை ஆட்டம் முழுக்கக் கட்டிப் போட்டிருந்தான். ஓடிப் பிடிக்க முடியாதென்று தெரிந்து, பந்து வருகிற வழியிலேயே போய் நின்று நின்று அவனை வெறுப்பேற்றிவிட்டான். அந்தப் பையன் கடைசியில், "யோவ், உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்க, சேசுராஜ், "இப்பதைக்கு இல்ல, சாயங்காலந்தான் சொல்லுவாக" என்றது எனக்கே கேட்டது. சிரித்துவிட்டேன்.

பத்து நிமிஷம் இருக்கும்போது சேசுராஜுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. காலையில் ஆறு மணியிலிருந்து பாதி ஷிப்ட் நின்றுவிட்டு வந்தவன். நான் வெள்ளைச் சட்டையில் மின்விசிறிக்குக் கீழே இருந்துவிட்டு வந்தவன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பந்து அந்த விங்கருக்குப் போனது. சேசுராஜ் ஒரு அடி எடுத்து வைத்தான், கால் வரவில்லை. என் பக்கம் திரும்பினான். வலது கை இடது தோளுக்குப் போனது.

நான் பார்த்தேன்.

இதற்கு மேல் எழுதுவதற்குத்தான் மூன்று நாள் ஆனது. என் காவலில் அவர்களுடைய ஃபார்வர்டு ஒருத்தன் இருந்தான், உண்மை. ஆனால் ஸ்டாப்பர் அண்ணன் அவனுக்கு இரண்டு அடி தள்ளித்தான் நின்றார். நான் விட்டுவிட்டுப் போனால் அவர் எடுத்துக்கொள்வார். அதுவும் எனக்குத் தெரிந்தது. அந்தப் பத்து நாள் ஷெட் எனக்குக் கொடுத்திருந்த கண்ணால், எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. அண்ணன், விங்கர், சேசுராஜின் கை, தூரத்தில் சாமியானா.

கணக்குப் போட்டு நின்றேன் என்று சொன்னால் பொய். அதற்கெல்லாம் நேரம் கிடையாது. கால் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கால் ஏன் நின்றது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் உடைந்தால், உடைந்தது அவன் பக்கம்.

விங்கர் உள்ளே வெட்டிக்கொண்டு வந்து அடித்தான். கோல். சாரலில் கூட்டம் கத்தியது, "ஏலே புதுப்பட்டி, தூங்குதியாலே?" என்று யாரோ. ஆட்டம் சமனாகி, டை-பிரேக்கரில் தோற்றோம்.

சாமியானாவுக்குள் மானேஜர் என்னையும் சேசுராஜையும் அண்ணனையும் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அந்த இடத்துல யாரு உதவிக்குப் போயிருக்கணும்?"

நான் முந்திக்கொண்டேன். "சட்டுன்னு நடந்துருச்சு சார். எனக்கு எந்தச் சத்தமும் கேக்கலை."

அவருக்கு ஷெட் பாஷை தெரியாது. அவர் ஷெட்டுக்குள் வந்தாலும், உச்சந்தலைக்குப் போன கைகள் எல்லாம் அவர் பார்ப்பதற்குள் இறங்கிவிடும். சேசுராஜைப் பார்த்தார். அவன் மூன்றடி தள்ளி உட்கார்ந்து, ஈரத்துண்டைக் கெண்டைக்காலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நீ கூப்பிட்டியாப்பா?"

சேசுராஜ் என்னைப் பார்க்கவில்லை. "இல்ல சார்" என்றான்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனார். அன்று சாயங்காலம் நான் நிரந்தரம். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்கூட நடந்து வந்தார். அந்தத் தபால்காரர்கள் எல்லாம் என் முதுகில் தட்டினார்கள். "நல்லவேளை, உன் பக்கம் தப்பு ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. இப்போதும் அதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லுகிறார்.

அடுத்த வாரம் சேசுராஜ் வேலைக்கு வரவில்லை. டைம் ஆபீஸில் அவன் கார்டை எடுத்து, 'விலகினார்' என்று எழுதினது நான்தான். அது என் வேலை.

*

தண்டனை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, ஆனால் யாரும் கொடுத்த மாதிரி இருக்காது.

அடுத்த சீசன் முதல் நாள் பயிற்சி. அண்ணன் எல்லோரிடமும் கையால் பேசினார். என்னிடம் மட்டும் வாய் திறந்து, "ரேடியோ, ஏறு!" என்று கத்தினார். "ரேடியோ, விடு!" நான் அவரைப் பார்த்தேன். அவர் எங்கோ பார்த்தார். அவர் ஓய்வு பெறும்வரை, நான்கு சீசன், எனக்கு ஒரு சைகைகூடக் காட்டவில்லை. வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டார், பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறினார், எல்லாம் உண்டு. கிரவுண்டில் மட்டும் கத்தல்.

புதிதாக வந்தவன் ஒருத்தன் கேட்டே விட்டான். "அண்ணே, அவருக்கு மட்டும் ஏன் கத்துதீங்க?"

"அவனுக்குக் கேட்டாத்தான் தெரியும்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அவர் கத்தினதால் எதிர் டீமுக்கும் எல்லாம் கேட்டது. நான் எப்போது ஏறுவேன், எப்போது விடுவேன் என்று அவர்களுக்கும் தெரிந்தது. அதை ஈடுகட்ட நான் வேகமாக ஓடினேன். நிறையக் கைதட்டல் வாங்கினேன். முட்டி போனதற்கு டாக்டர் ஏதேதோ காரணம் சொல்கிறார். எனக்கு என் காரணம் உண்டு.

*

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வ. புதுப்பட்டிக்கு பஸ் ஏறினேன். ஏன் அன்றைக்கு என்று கேட்டால் தெரியாது. முந்தின நாள் நாங்கள் ஒரு கப் ஜெயித்திருந்தோம். தூக்கம் வரவில்லை.

மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்த நேரம். சேசுராஜ் பூசைக்குப் போய்விட்டு வந்து, நல்ல வேட்டியை மடித்து வைத்துவிட்டு, லுங்கியோடு தோட்டத்தில் கத்தரிக்காய்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தடித்திருந்தான். என்னைப் பார்த்ததும், "வாங்க டைம் ஆபீஸ் சார்வாள்" என்றான். அதே குரல்.

அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து, "யாரு இவிய?" என்றாள்.

"மில்லுல கூட இருந்தவரு. பந்தாட்டத்துல பேரு பேப்பர்ல வருமே, அது இவருதான்."

"அப்படியா? சாக்கைப் பிடிக்கச் சொல்லுங்க, மதிய பஸ்ஸு வந்துரும்" என்றாள் அவள்.

நான் சாக்கின் வாயைப் பிடித்தேன், அவன் தைத்தான். மூன்று சாக்கு முடிந்து நான்காவதில் சொன்னேன். நீ தோளைத் தொட்டதை அன்றைக்குப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் வரவில்லை, மானேஜரிடம் தெரியாத மாதிரி சொன்னேன் என்று. பஸ்ஸில் வரும்போது இன்னும் நன்றாகக் கோத்து வைத்திருந்தேன், அதெல்லாம் வரவில்லை.

சேசுராஜ் கோணியூசியை நிறுத்தவில்லை. "இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த?"

"ஆமா."

"எனக்குத்தான் தெரியுமேலே. உன் கண்ணு என் கையில இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்."

"அப்ப ஏன் நீ சொல்லலை? அவர் உன்னைத்தான் கேட்டாரு."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "சைகை காட்டுனேன்னு நான் சொன்னா, அவரு உன்னைக் கேப்பாரு. நீ இல்லைன்னு சொல்லுவ. எனக்கு முன்னால நீ அப்படிச் சொல்லுறதைக் கேக்க எனக்கு இஷ்டமில்ல."

அடுத்த சாக்கை விரித்துக்கொண்டே அவனே கேட்டான். "மானேஜருகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை."

"டீமுல?"

"இல்லை."

"பொறவு எங்கிட்ட வந்து ஏன் சொல்லுத? தெரிஞ்சவன் நான் ஒருத்தன். தெரியாதவுக எல்லாம் அங்க இருக்காவ."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் மாறி வந்தவனுக்கு வழி சொல்லுகிற மாதிரி சொன்னான். அப்புறம் இரண்டு பேருமாகச் சாக்குகளை ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பஸ் மேலே ஏற்றும்போது, "முட்டியைப் பாத்து, டக்குன்னு மடக்காத" என்றான்.

திரும்பி வந்து உடனே மானேஜரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னும் நான்கு வருஷம் ஆடினேன். ஒவ்வொரு சீசனிலும், முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் எனக்குக் கல்யாணம், பிள்ளை, மில் வீட்டுக்கு விண்ணப்பம். சொல்லாமல் இருக்கக் காரணங்கள் கூடிக்கொண்டேதான் போகும் தம்பிகளா, குறையவே குறையாது. இது ஒன்றைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்போது உங்கள் நான்கு பேரில் ஒருவனைப் பொறுக்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கமிட்டியில் நான் உட்காரப் போவதில்லை. காரணம் கேட்டால் சொல்ல வேண்டும். மானேஜர் இப்போதும் அதே மானேஜர்தான், தலை மட்டும் நரைத்திருக்கிறது. வாயால் சொல்லிப் பார்த்தேன். அவர் அறை வாசல்வரை போய், வேறு எதையோ கேட்டுவிட்டு வந்தேன். அதனால் அவர் கேட்ட நாலு பக்கத்தில் எழுதிவிட்டேன்.

நீங்கள் நிற்கிற நிலைமையில், நான் எவ்வளவு சொன்னாலும், அந்த ஒரு நொடியில் உங்கள் கால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கால் நின்றுவிட்டால், அன்றைக்கே, சாமியானா பிரிக்கிறதற்குள், கேட்கிறவரிடம் சொல்லிவிடுங்கள். இடம் போகும். போகட்டும். எனக்குக் கிடைத்த இடத்தைப் பத்து வருஷம் வைத்திருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

இந்தக் காகிதங்களை நாளை காலை மானேஜர் மேஜையில் வைக்கப் போகிறேன். படித்துப் பார்த்து, தட்டச்சு செய்து உங்களுக்குக் கொடுக்க வேண்டியது அவர்தான். இது உங்கள் கைக்கு வந்திருந்தால், அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.